பொய் விமானத்தின் மெய்ச் சுவிட்சுகள்

ராயப்பேட்டைச் சந்தில் ஒரு லேசர் கட்டிங் கடை. பெயர்ப்பலகை, பரிசுக் கேடயம், கல்யாணத்துக்குத் தாம்பூலப் பெட்டி என்று வேலை குவிந்து கிடக்கிறது. நடுவே மெஷினில் ஓடிக்கொண்டிருந்தது போயிங் 737-800 விமானத்தில் விமானியின் தலைக்கு மேல் இருக்கும் பேனலின் ஒரு துண்டு. கொண்டுவந்தவர் ரயில்வே சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். குரோம்பேட்டை வீட்டு மாடியில் விமானி அறை கட்டுகிறார். பறப்பதெல்லாம் கம்ப்யூட்டர் திரையில்தான்.

எழுத்துப் பொறிப்பதைக் கிட்டே நின்று பார்க்க வேண்டும். நிறமற்ற அக்ரிலிக் மேல் முதலில் வெள்ளை ஸ்ப்ரே. காய்ந்ததும் அதன் மேல் சாம்பல் நிறம். லேசர் சாம்பலை மட்டும் எழுத்து வடிவில் சுரண்டுகிறது, வெள்ளை அப்படியே நிற்க வேண்டும். பகலில் அது வெள்ளை எழுத்து. பின்னால் எல்.இ.டி. போட்டால் அதே எழுத்து ஒளிரும். பவர் சற்றுக் கூடினால் வெள்ளையும் போய்விடும். குறைந்தால் ஓரத்தில் பிசிறு நிற்கும். மெஷின் ஓட்டும் தம்பி கழிவுத் துண்டில் அடித்து அடித்துப் பார்த்து, நகத்தால் நிமிண்டிய பிறகுதான் நிஜத் தகட்டை வைத்தார். "பெயின்ட் ஒரே சீரா இல்லேன்னா மெஷின் என்ன சார் பண்ணும்?" பி.வி.சி. ஷீட்டோடு வருபவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவாராம். லேசர் பட்டால் அது நச்சுப் புகை கக்கும், மெஷினையும் அரிக்கும்.

சுவிட்ச் வாங்க ரிச்சி தெரு. டாகிள் சுவிட்சுகளை ஒவ்வொன்றாகத் தட்டிக் காதருகே வைத்துக் கேட்கிறார் பெரியவர். "சார் வந்தா அன்னிக்கு வேற யாவாரம் கிடையாது" என்று கடைக்காரர் சிரிக்கிறார். எனக்கு அது கிறுக்காகப் படவில்லை. கண்ணை ஏமாற்றத் திரை போதும். விரலை ஏமாற்றுவதுதான் பாடு.

மாடியில் பேனலைத் திருப்பிக் காட்டினார். அர்டுவினோ மெகா என்ற கட்டுப்பாட்டு போர்டில் டிஜிட்டல் இணைப்புகள் 54தான். சுவிட்சுகளோ அதற்கு மேல். அதனால் கட்டம் கட்டமாக வயரிங்: எட்டு நிரை, எட்டு நிரல், 16 வயரில் 64 சுவிட்ச். ஒவ்வொன்றுக்கும் ஒரு டயோடு. அது இல்லாவிட்டால் மூன்று மூலை சுவிட்சுகளைப் போட்டதும் போடாத நான்காவதும் போட்டதாகக் காட்டும். போர்டையும் சிமுலேட்டரையும் பேசவைப்பது மொபிஃபிளைட் என்ற இலவச மென்பொருள். வயர்களை நூல் கட்டி அடுக்கியிருந்த அழகில் சிக்னல் ரிலே அறையின் பழக்கம் தெரிந்தது.

என்னை அதிகம் நிறுத்திவைத்தது எஞ்சின் ஸ்டார்ட் சுவிட்ச். 'கிரவுண்ட்' நிலைக்குத் திருப்பினால் உள்ளே மின்காந்தம் அதைப் பிடித்துக்கொள்ளும். எஞ்சினின் உட்சுழலி 56 சதவீத வேகம் எட்டியதும் பிடி விட்டு, ஸ்பிரிங் அதைத் தானாக 'ஆஃப்' நிலைக்குத் தள்ளும். அசல் விமானத்தில் அப்படித்தான். கடையில் இப்படி ஒரு சுவிட்ச் அவருக்குக் கிடைக்கவில்லை. சாதாரண ரோட்டரி சுவிட்சில் ஸ்பிரிங்கும் 12 வோல்ட் மின்காந்தமும் சேர்த்து அவரே செய்திருக்கிறார். திருப்பிவிட்டுக் கையை எடுத்தேன். திரையில் எண் ஏறுகிறது: 50, 53, 55. 'டக்' என்று திரும்பியது. "இன்னொரு தடவை பாருங்க சார்" என்றார்; எனக்கும் அதுதான் ஆசை.

சக்கரத்தை இறக்கும் லீவரின் நுனியில் குட்டிச் சக்கரம். இறக்கையின் மடலை (ஃபிளாப்) இயக்கும் லீவரின் நுனி இறக்கை வடிவம். இது அலங்காரமில்லை. இரண்டாம் உலகப் போரில் பி-17 விமானிகள் தரையிறங்கிய கையோடு ஃபிளாப்புக்குப் பதில் சக்கரத்தை மடக்கிவிட்டார்கள். தவறு அவர்களிடம் இல்லை, ஒரே மாதிரி இருந்த சுவிட்சுகளில் என்று கண்டுகொண்டு இந்த வடிவ வேறுபாட்டைக் கொண்டுவந்தவர் உளவியலாளர் அல்ஃபோன்ஸ் சபானிஸ். பெரியவர் அந்தக் குட்டிச் சக்கரத்தைத் தேக்குக் கட்டையில் கடைந்திருக்கிறார்.

எஞ்சின் விசையைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் பாக்கி. 737இல் ஆட்டோ த்ராட்டில் ஓடும்போது லீவர்களும் தாமாக நகரும். விமானி நினைத்தால் கையால் அழுத்தி மீறலாம். புதுப்பேட்டையில் கார் பவர் விண்டோ மோட்டார் இரண்டு பிடித்துவந்திருக்கிறார். அதன் கியர் கைத்தள்ளலுக்கு மசியாது. நடுவே வழுக்கும் கிளட்ச் வேண்டும். ஃபெல்ட் வாஷர் வைத்தால் சீக்கிரம் தேய்கிறது, தோல் வைத்தால் பிடித்துக்கொள்கிறது. "தையல் மெஷின் கிளட்ச் ஒண்ணு சொல்லி வச்சிருக்கேன், பாப்போம்" என்றபடி மோட்டாரைக் கழற்ற ஸ்குரூ டிரைவரைத் தேடினார்.