எடை குறைப்பு ஆபரேஷன்: முதல் நாள் டாக்டரைப் பார்க்கப் போறீங்களா?

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. கணக்கு எழுதிப் பிழைக்கிற ஆசாமி. இது பட்டறிவு மட்டுமே. மருந்து, மாத்திரை, கத்தி எல்லாம் உங்க டாக்டர் சொல்படி.

மக்களே, என் எடை 124 கிலோ. உயரம் 171 சென்டிமீட்டர். கணக்குப் போட்டா பிஎம்ஐ 42 சொச்சம் வரும். பெருங்களத்தூர் ஸ்டேஷன் படிக்கட்டு ஏறி இறங்குறதுக்குள்ள கண்ணு முன்னாடி ஒரு ட்ரெயின் போயிடும். வண்டலூர் ஜூ பக்கத்துல வீடு இருக்கறதை வச்சு அடிக்கிற நீர்யானை ஜோக் எல்லாம் நண்பர்கள் ஏற்கனவே அடிச்சு ஓய்ஞ்சாச்சு. புதுசா இருந்தா மட்டும் சொல்லுங்க :-)

பேலியோ இருந்தேன், பதினொரு கிலோ குறைஞ்சு பதினாலு ஏறினது. வாக்கிங் போனேன், முட்டி போச்சு. ஒன்பது வருஷமா சர்க்கரை, ரெண்டு மாத்திரையில ஆரம்பிச்சு இப்போ இன்சுலின்ல நிக்குது. நம்ம சர்க்கரை டாக்டர்தான் போன மாசம் சொன்னார்: "ஒரு பேரியாட்ரிக் சர்ஜனைப் பார்த்துட்டு வாங்க சார். பண்ணிக்கணும்னு இல்ல. பேசிட்டு வாங்க."

வீட்டுல வந்து சொன்னதும் தங்கமணி ஒண்ணும் பேசலை. உள்ளே போய் பீரோவிலிருந்து ஒரு பேப்பர் கட்டிங்கை எடுத்துட்டு வந்து டைனிங் டேபிள்ல வச்சாங்க. 2024 ஏப்ரல் மாச செய்தி. உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். புதுச்சேரியைச் சேர்ந்த 26 வயசுப் பையன், 150 கிலோவுக்கு மேல எடை, பம்மல்ல ஒரு தனியார் ஆஸ்பத்திரியில எடை குறைப்பு ஆபரேஷனுக்குச் சேர்ந்தான். ஆபரேஷன் ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துலயே நிலைமை மோசமாகி, வேற ஆஸ்பத்திரிக்கு மாத்தியும் பிழைக்கலை. அரசு விசாரணைக் குழு எல்லாம் போட்டாங்க. பம்மல் ஒண்ணும் தூர தேசம் இல்லை. எங்க ஊர்ல ரயில் ஏறினா நாலாவது ஸ்டேஷன் பல்லாவரம், அங்கேருந்து ஆட்டோ. அந்தக் கட்டிங்கை இந்தம்மா ஏன் இத்தனை நாள் பத்திரமா வச்சிருந்தாங்கன்னு கேட்டேன். "எப்பவாச்சும் நீங்க இதைச் சொல்லுவீங்கன்னு தெரியும்"ன்னாங்க.

அதனால ரெண்டு பேருமாத்தான் போனோம். ஒண்ணு இல்லை, ரெண்டு இடத்துக்கு.

முதல் இடம் ஜி.எஸ்.டி. ரோடு மேலேயே. பேர் வேண்டாம். உள்ளே போனதும் எடை பார்த்தாங்க, ஒரு ஃபார்ம் கொடுத்தாங்க, அப்புறம் கோட் போட்ட ஒரு தம்பி வந்து உட்கார்ந்தார். டாக்டர்னுதான் நினைச்சோம். கோ-ஆர்டினேட்டராம். செல்போன்ல படம் படமா காட்டினார். இடது பக்கம் குண்டு ஆள், வலது பக்கம் ஒல்லி ஆள். நான் சர்க்கரை பத்தி ஏதோ கேட்க ஆரம்பிச்சேன், "எல்லாம் போயிடும் சார்"னுட்டார். டாக்டர் வந்து நாலு நிமிஷம் பேசினார், சட்டை பட்டனைக்கூட கழட்டச் சொல்லலை. திரும்ப கோ-ஆர்டினேட்டர். பேக்கேஜ் 3 லட்சத்து 20 ஆயிரம், இந்த மாசத்துக்குள்ளன்னா 2 லட்சத்து 75 ஆயிரம், வர்ற புதன்கிழமை தியேட்டர் காலியா இருக்கு, அட்வான்ஸ் கட்டிடறீங்களா? ஆடித் தள்ளுபடிக்கு போத்தீஸ் போனாக்கூட புடவையை இதைவிட அதிக நேரம் பிரிச்சுக் காட்டுவாங்க. தங்கமணி கைப்பையை எடுத்து மாட்டிக்கிட்டு எழுந்துட்டாங்க. நானும்.

ரெண்டாவது இடம் சிட்டிக்குள்ள. இதுக்கும் பேர் போடலை, விளம்பரம் மாதிரி ஆயிடும். காலையில ஒன்பதரைக்குப் போனவங்க வெளியே வர்றப்போ மணி ஒண்ணே முக்கால். இதைத்தான் விலாவாரியா எழுதணும்னு நினைச்சேன்.

முதல்ல நாற்காலி. சிரிக்காதீங்க. நம்ம சைஸ் ஆளுங்களுக்குத் தெரியும், கைப்பிடி வச்ச பிளாஸ்டிக் நாற்காலியில உட்கார்ந்து எழுந்தா அதுவும் கூடவே எழுந்து வரும். அங்கே கைப்பிடி இல்லாத அகல பெஞ்ச் போட்டிருந்தாங்க. எடை மெஷினும் அப்படியே. எங்க தெரு கிளினிக்ல முள்ளு 120-ல முட்டிக்கிட்டு நின்னுடும், அந்தக் கம்பவுண்டர் "அதுக்கு மேலண்ணா" அப்படின்னு நோட்ல எழுதுவார். இங்கே 124.3ன்னு தெளிவா காட்டுச்சு. பிரஷர் பார்க்க பெரிய பட்டை தனியா வச்சிருக்காங்க. பருமனான கையில சின்னப் பட்டையைச் சுத்தினா பிரஷர் உள்ளதைவிட கூடுதலா காட்டுமாம். இத்தனை வருஷமா எனக்கு எந்தப் பட்டையைச் சுத்தினாங்களோ!

அப்புறம் கழுத்தை அளந்தாங்க. டெய்லர் டேப். 44 சென்டிமீட்டர். எதுக்குன்னு கேட்டேன். "உள்ளே சார் கேட்பாங்க"ன்னாங்க அந்த நர்ஸம்மா.

சர்ஜன் ஐம்பது வயசு இருக்கும். முதல் கேள்வி எடை பத்தி இல்லை. "எத்தனை வயசுலேருந்து இப்படி?" கல்யாணத்துக்கு முன்னாடியா பின்னாடியா, ஏதாவது ஸ்டீராய்டு சாப்பிட்டீங்களா, தைராய்டு பார்த்தீங்களா, அப்பா அம்மா எப்படி, இதுவரை எத்தனை தடவை குறைச்சீங்க, எவ்வளவு நாள் நின்னுச்சு, ஏன் திரும்ப ஏறுச்சு. குடி உண்டா, சிகரெட் உண்டா. ராத்திரி எழுந்து சாப்பிடுவீங்களா. மனசு சரியில்லாதப்போ சாப்பிடுவீங்களா. இதுக்கெல்லாம் உண்மையைச் சொல்லிடுங்க மக்களே. நீங்க மறைச்சாலும் பக்கத்துல உட்கார்ந்திருக்கவங்க சொல்லிடுவாங்க. "மிக்சர் டப்பா" அப்படின்னு ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாங்க தங்கமணி, டாக்டர் எழுதிக்கிட்டார்.

அடுத்து, "குறட்டை விடுவீங்களா?"

எனக்கு எப்படித் தெரியும், தூங்குறவன்தானே நான். டாக்டர் தங்கமணி பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா."

"குறட்டை பரவாயில்ல டாக்டர். அது நின்னாத்தான் பயம். திடீர்னு மூச்சே இருக்காது. நான் மனசுக்குள்ள எண்ணுவேன். இருபது வரைக்கும் பார்ப்பேன். வரலைன்னா தோள்பட்டையைப் பிடிச்சு உலுக்குவேன். அப்புறம் ஒரு பெரிய மூச்சு வரும்."

"எவ்வளவு நாளா?"

"மூணு நாலு வருஷம் இருக்கும்."

எனக்கு இது புதுசு. உலுக்கினது எதுவும் ஞாபகம் இல்லை. காலையில எழுந்து, "என்ன, ராத்திரி தூங்கலையா, முகம் ஏன் இப்படி இருக்கு?"ன்னு நான்தான் கேட்பேன். டாக்டர் பேனாவை மூடி வச்சுட்டு நிதானமா விளக்கினார். ஸ்லீப் ஆப்னியா. கழுத்துச் சதை தளர்ந்து தூக்கத்துல மூச்சுப் பாதையை அடைக்கும். கழுத்தை அளந்தது அதுக்குத்தான். இது இருக்கறது தெரியாம மயக்க மருந்து கொடுத்தா ஆபத்து. ஆபரேஷன் அன்னிக்கும் ஆபத்து, முடிஞ்சு தூங்குற முதல் ராத்திரியும் ஆபத்து. அதனால முதல்ல ஸ்லீப் ஸ்டடி, தேவைப்பட்டா சில வாரம் மூக்குல மாஸ்க் போட்டுத் தூங்குற சிபாப் மெஷின், அதுக்கப்புறம்தான் மத்ததெல்லாம். ஆகவே, போறவங்க உங்க ரூம்ல கூடப் படுக்குறவங்களைக் கட்டாயம் கூட்டிட்டுப் போங்க. அண்ணன், மச்சான், ஆபீஸ் நண்பன் எல்லாம் இதுக்கு உதவமாட்டாங்க.

டெஸ்ட் லிஸ்ட் சர்க்கஸ் நோட்டீஸ் நீளத்துக்கு இருந்தது. மூணு மாச சர்க்கரை, தைராய்டு, கல்லீரலுக்கும் பித்தப்பைக்கும் ஸ்கேன், எக்கோ, நுரையீரல் டெஸ்ட், வைட்டமின் அளவுகள், வயித்துக்குள்ள எண்டோஸ்கோப்பி. அதோட மனநல மருத்துவர் ஒருத்தரையும் பார்க்கணுமாம். பைத்தியமான்னு பார்க்க இல்லை. சாப்பாடுதான் ஆறுதல்னு இருக்கிற ஆளுக்கு அதைப் புடுங்கிட்டா வேற எதுல போய் விழுவான்னு பார்க்க.

ஆபரேஷன் பத்தி காகிதத்துல படம் போட்டுக் காட்டினார். ஸ்லீவ்ங்கறது இரைப்பையை நீளவாக்கில் முக்கால் பாகத்துக்கும் மேல வெட்டி எடுத்துட்டு வாழைக்காய் மாதிரி ஒரு குழாயை மட்டும் விடறது. வெட்டினது வெட்டினதுதான், திரும்ப ஒட்ட முடியாது. பசியைத் தூண்டுற கிரெலின்ங்கற ஹார்மோன் அந்த வெட்டுற பாகத்துலதான் அதிகம் சுரக்குது, அதனால பசியும் குறையும். பைபாஸ்ங்கறது சின்னதா ஒரு பை பண்ணி, குடலைத் தூக்கி அதுல இணைக்கிறது. சர்க்கரை கட்டுப்படாதவங்களுக்கும் நெஞ்செரிச்சல் உள்ளவங்களுக்கும் பெரும்பாலும் இது தோதுப்படும். எது எனக்குன்னு எண்டோஸ்கோப்பி பார்த்துட்டுத்தான் சொல்லுவாராம்.

"எவ்வளவு குறையும் டாக்டர்?" நான் மனசுல 70 வச்சிருந்தேன்.

"மொத்த எடையில நூத்துக்கு 25லேருந்து 30 சதவீதம். நீங்க 90 பக்கம் வந்து நிப்பீங்க. 70 எல்லாம் சொல்லமாட்டேன். சர்க்கரை நல்லா இறங்கும். ஆனா ஒன்பது வருஷம், இன்சுலின் வேற. முழுசா போயிடும்னு எழுதித் தரமாட்டேன்."

ஜி.எஸ்.டி. ரோட்டுல "எல்லாம் போயிடும் சார்" கேட்டவனுக்கு இது கசப்புத்தான். ஆனா கசப்பைச் சொல்றவரை நம்பத் தோணுச்சு.

ஊசியையும் நானே கேட்டேன். 2025-ல மார்ச்ல மவுன்ஜாரோவும் ஜூன்ல வெகோவியும் நம்ம நாட்டுக்கு வந்ததுலேருந்து ஆபீஸ் கேன்டீன்ல அதே பேச்சு. "நல்ல மருந்துதான். 15, 20 சதவீதம் குறையும். நிறுத்தினா பெரும்பாலும் ஏறும். முதல்ல அதைப் பார்க்கலாம்னாலும் எனக்கு ஆட்சேபணை இல்ல, உங்க சர்க்கரை டாக்டர்கிட்ட பேசுங்க"ன்னார். தன் கடைச் சரக்கையே விக்காத சர்ஜன்!

இப்போ தங்கமணி கைப்பையைத் திறந்தாங்க. உள்ளேருந்து வந்தது அந்தக் கட்டிங்தான், பின்பக்கம் பென்சில்ல கேள்விகள். டாக்டர் பார்த்ததும் புரிஞ்சுக்கிட்டார். அவங்க கேட்டதை அப்படியே தர்றேன், உங்களுக்கும் உதவும். ஆபரேஷன் இதே கட்டடத்துலதானா, இல்ல வேற எங்கயாவது கூட்டிட்டுப் போவீங்களா? இங்கே ஐசியூ இருக்கா, ராத்திரி ரெண்டு மணிக்கு அதுல எந்த டாக்டர் இருப்பார்? மயக்க மருந்து கொடுக்கிறவரை முன்னாடியே நாங்க பார்க்க முடியுமா? தையல் விட்டுப்போச்சுன்னா எங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க பண்ணினவங்கள்ல யாராவது செத்திருக்காங்களா?

கடைசிக் கேள்வியில நான் அவங்க கையைப் பிடிச்சேன். டாக்டர் கோபப்படலை. "ஒருத்தர். ஆபரேஷன் முடிஞ்சு எட்டாம் நாள், நுரையீரல்ல ரத்தக்கட்டி. இது ஆயிரத்துல ஒருத்தருக்கு ஆகக்கூடிய கணக்குன்னு புத்தகத்துல இருக்கு, ஆனா அந்த வீட்டுக்கு அது ஆயிரம் இல்லம்மா." தையல் கசிவு நூத்துல ஒருத்தருக்கு வரலாம். காய்ச்சல், வேகமான நாடித்துடிப்பு, வயித்து வலி, இதுல எது வந்தாலும் நடுராத்திரின்னாலும் நேரா இங்கே வரணும், தெருமுனை கிளினிக் போகக்கூடாதுன்னார். மயக்க மருந்து டாக்டரைத் தனியா ஒருநாள் பார்க்கணும், அவர் வேண்டாம்னா அதோட நிறுத்திக்குவோம்னும் சொன்னார்.

டயட்டீஷியன் பொண்ணுக்கு நம்ம மேல என்ன கோபமோ. ஆபரேஷனுக்கு முன்னாடி ரெண்டு வாரம் கிட்டத்தட்ட திரவ உணவு, கல்லீரல் சுருங்கினாத்தான் உள்ளே வேலை பார்க்க இடம் கிடைக்கும். முடிஞ்சப்புறம் தண்ணி மாதிரி, அப்புறம் கூழ் மாதிரி, அப்புறம் குழைவா. அதுக்கப்புறம் வாழ்நாள் முழுக்க மெதுவா. "ஒரு இட்லிக்கு இருபது நிமிஷம் சார்." நான் இருபது நிமிஷத்துல எத்தனைன்னு சொல்லி ஏன் வயித்தெரிச்சலைக் கிளப்பணும். சாப்பிடும்போது தண்ணி கூடாது, அரை மணி கழிச்சுத்தான். தினம் 60 கிராமாவது புரோட்டீன். நாங்க சைவம், அதனால பருப்பு, பனீர், சோயா, பவுடர். பி12, இரும்பு, கால்சியம், டி எல்லாம் ஆயுசுக்கும் மாத்திரை. மூணாம் மாசத்துலேருந்து முடி கொட்டும், பெரும்பாலும் திரும்ப வளரும். (இந்தக் கவலை நமக்கில்லை, போன தேர்தலுக்கு முன்னாடியே போயாச்சு.) வயசுப் பொண்ணுங்க பண்ணிக்கிட்டா ஒண்ணு ஒன்றரை வருஷம் கர்ப்பத்தைத் தள்ளிப்போடணும்னு பக்கத்து டேபிள்ல சொல்லிட்டிருந்தாங்க.

காசு விஷயம். 2019-ல இன்சூரன்ஸ் ஆணையம் போட்ட விதிப்படி பாலிசியில இந்த ஆபரேஷனை மொத்தமா ஒதுக்க முடியாது. 18 வயசு ஆகியிருக்கணும், பிஎம்ஐ 40, இல்லைன்னா 35-ஓட இதய நோய், கடுமையான ஸ்லீப் ஆப்னியா, கட்டுக்கடங்காத சர்க்கரை மாதிரி ஒண்ணு, அதோட மத்த வழிகள்ல முயற்சி பண்ணிப் பலிக்கலைன்னு இருக்கணும். ஆபீஸ் குரூப் பாலிசியில என்ன எழுதியிருக்குன்னு தனியா படிச்சுக்கோங்க. பழைய டயட் சீட்டு, சர்க்கரை ரிப்போர்ட் எதையும் தூக்கிப் போடாதீங்க, எல்லாம் கேட்பாங்க. இன்சூரன்ஸ்ல கேட்கிற 40 வேற, டாக்டர்கள் பார்க்கிற எண் வேற. நம்ம உடம்புக்கு குறைஞ்ச எடையிலயே சர்க்கரை வந்துடறதால, 2009-ல நம்ம ஊர் நிபுணர்கள் வகுத்த கணக்குல 37.5, நோய் இருந்தா 32.5-லயே ஆபரேஷனை யோசிக்கலாம்னு இருக்கு. 2022-ல வந்த சர்வதேச வழிகாட்டுதல்ல இதுக்கும் கீழே இறங்கியாச்சு.

கிளம்பும்போது நான் கேட்டேன், "அப்போ தேதி டாக்டர்?" அவர் கையிலிருந்த ஃபைலை மூடிட்டு, "ஸ்லீப் ஸ்டடி தேதியை வெளியே கொடுப்பாங்க"ன்னார். அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது ட்ரெயின்ல தங்கமணி ஜன்னலோரம் தூங்கிட்டாங்க. தாம்பரம் தாண்டினப்புறம்தான் எழுப்பினேன்.

வர்ற வியாழக்கிழமை ராத்திரி உடம்பெல்லாம் ஒயரை ஒட்டிக்கிட்டு ஆஸ்பத்திரியில தூங்கணும். கூட இன்னொருத்தர் தங்க அனுமதி உண்டான்னு கேட்டிருக்கோம். ஆபரேஷனா ஊசியா இன்னும் முடிவு பண்ணலை. உங்கள்ல யாராவது பண்ணிக்கிட்டு அஞ்சு வருஷம் தாண்டினவங்க இருந்தா சொல்லுங்க. முதல் வருஷக் கதை நிறைய கேட்டாச்சு. அஞ்சாவது வருஷம் எடை எங்கே நிக்குது, மாத்திரை ஒழுங்கா சாப்பிடறீங்களா, கல்யாண வீட்டுல பந்தியில உட்கார்ந்தா என்ன பண்றீங்க, இந்த மூணும்தான் எனக்குத் தெரியணும்.