ரோமர் மதிலோரம் ஒரு நடை

கோடை விடுமுறையில் பிள்ளைகளோடு இங்கிலாந்தின் வடக்கே ஹட்ரியன் மதிலோரம் நடந்தோம். கி.பி. 122 இல் ரோமர் கட்டத் தொடங்கிய இம்மதில் 117 கிலோமீற்றர் நீளமானது. நாம் நடந்தது ஸ்ரீல் றிக்கிலிருந்து ஹவுஸ்ரெட்ஸ் கோட்டைவரை, சுமார் 5 கிலோமீற்றர். பாறை ஏற்றங்களில் கால் உளைந்தது. நல்ல சப்பாத்தும் மழைச்சட்டையும் கட்டாயம் வேண்டும்.

அருகே விண்டொலாண்டா கோட்டை. இன்றைய பெல்ஜியம், நெதர்லாந்துப் பக்கங்களிலிருந்து வந்த படையினர் அங்கே காவலிருந்தனர். 1973 முதல் அங்கு மெல்லிய மரத்தகட்டுக் கடிதங்கள் கிடைத்துள்ளன. ஒன்று, அங்கிருந்த ஒருவருக்குக் காலுறைகள் அனுப்பியதைச் சொல்கிறது.

"அம்மம்மா எங்களுக்கு மிளகாய்த்தூள் பார்சல் அனுப்பின மாதிரியோ?" என்று கேட்டாள் மகள்.

"ஓம் பிள்ளை" என்றேன். அந்தப் பார்சலுக்கு நாம் இன்னும் பதில் போடவில்லை. அன்றிரவே இருந்து எழுதினோம்.