தேதிகளின் சாட்சியம்

அம்மாவின் வலிக்குக் காரணம் தேடி நாங்கள் மூன்றாண்டுகள் அலைந்தோம். சிறுநீர்த் தொற்றுக்காக ஏழு நாட்கள் சிப்ரோஃப்ளாக்சசின் உட்கொண்ட பிறகே குதிகால் இறுகியது, பாதங்கள் எரிந்தன. எலும்பு மருத்துவர், நரம்பியல் நிபுணர், மூட்டுவாத நிபுணர் என ஒவ்வொரு வாசலிலும் கோப்பு தடித்தது; 'எல்லாம் நார்மல்' என்ற தீர்ப்பு மட்டும் மாறவில்லை. ஒருவர் மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னார். அன்று முதல் அம்மா வலியைச் சொல்வதையே நிறுத்திக்கொண்டார். அந்த மௌனம்தான் எங்களை அச்சுறுத்தியது.

நான்காவதாகக் கண்ட மருத்துவர் ஸ்கேன்களை ஒதுக்கிவிட்டுத் தேதிகளைக் கேட்டார். எந்த மாத்திரை, எந்த நாள், வலி எப்போது தொடங்கியது? இவ்வகை மருந்துகள் தசைநாண்களைத் தாக்கலாம் என 2008லும், நரம்புகளுக்கு நிரந்தரச் சேதம் விளைவிக்கலாம் என 2013லும் அமெரிக்க மருந்து நிர்வாகம் எச்சரித்துள்ளது. அறுபதைக் கடந்தோருக்குத் தசைநாண் பாதிப்பின் அபாயம் கூடுதல். மருந்தே காரணம் என்று நிறுவும் தனிப் பரிசோதனை கிடையாது. காலவரிசையே முதல் சாட்சி.

குணமாகும் என்று அவர் உறுதி தரவில்லை. 2010 முதல் இந்தியாவில் இயங்கும் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்குத் தெரிவிக்கப் படிவமொன்றை எடுத்தார். நாங்கள் வாய் திறக்குமுன் அம்மாவே முதல் தேதியைச் சொன்னார்.