வீடு ஒதுக்குகிற வேலை

வன்னியிலுள்ள ஜெயபுரத்தில் ஒரு வீட்டை ஒதுக்கப் போனால் படலையைத் தாண்டியதுமே காதில் விழுகிற பேச்சு இதுதான்: "அது கிடக்கட்டும் பிள்ளை, ஒருநாளைக்கு உதவும்." வெறும் ஜாம் போத்தலுக்கும் அதே பதில். காது உடைந்த வாளிக்கும், வீடு கட்டி மிஞ்சிய கம்பித் துண்டுக்கும், ஓடாத நீரிறைக்கும் இயந்திரத்துக்கும் அதே பதில்தான். அயலில் கலியாணமோ குடிபூரலோ வந்தால், அல்லது தனியே இருக்கிற அம்மா ஒருவருக்கு நடமாட்டம் குறைந்துவிட்டால், ஒதுக்கித் தரச் சொல்லி என்னைக் கூப்பிடுவார்கள். கூலிக்குச் செய்கிற வேலையல்ல. ஆனாலும் இதற்கென்று ஒரு முறையும் ஒழுங்கும் உண்டு. அந்தப் பதிலைப் பிடிவாதம் என்று நினைக்கிறவருக்கு இந்த வேலை கைவராது.

ஏனென்றால் அந்தப் பதிலுக்குப் பின்னால் அனுபவம் இருக்கிறது. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் வன்னிக்குள் பற்றரி வராது. மண்ணெண்ணெய் வந்தாலும் விலை கைக்கு எட்டாது. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, கொஞ்சம் மண்ணெண்ணெய், ஒரு திரி என்று விளக்குச் செய்து, அந்த வெளிச்சத்தில் பிள்ளைகளைப் படிப்பித்தார்கள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். அந்தக் காலம் முடிந்தது என்றிருக்க 2022இல் எரிபொருளும் எரிவாயுவும் இல்லாமற்போயின. வீட்டுக் கோடியில் துருப்பிடித்துக் கிடந்த சைக்கிள்கள் மறுபடி வீதிக்கு வந்தன. மூலையில் இருந்த பழைய அடுப்புகள் புகைந்தன. ஒரு வருடம் தொடாத பொருளை எறிந்துவிடு என்ற விதியை இங்கே யாரிடம் சொல்ல முடியும்?

இன்னொன்று, இந்த ஊரவர்களுக்குப் பொருளை விட்டுப் பிரிவதைப் பற்றி வெளியார் பாடம் நடத்தத் தேவையில்லை. 2008இல் போரால் இடம்பெயர்ந்த மன்னார்ப் பக்கத்துச் சனம் ஏ-32 வீதியால் எங்களூரைத் தாண்டி வந்தது. பிறகு நாங்களும் வெளிக்கிட்டோம். அந்த ஆண்டு கார்த்திகை நடுவில் பூநகரியும், 2009 தை 2இல் கிளிநொச்சியும் இராணுவத்திடம் வீழ்ந்தன. புறப்பட்டபோது கூரை ஓட்டையும் தகரத்தையும் கழற்றி, கதவு நிலைகளைப் பிடுங்கி, உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றினோம். அக்கராயனில் கொஞ்சம், தருமபுரத்தில் கொஞ்சம், விசுவமடுவில் இன்னும் கொஞ்சம் என்று ஒவ்வொரு தரிப்பிலும் பாரம் குறைந்தது. பதுங்குகுழிக்கு மண்மூட்டை இல்லாதபோது சீலைகளை வெட்டித் தைத்து மண் நிரப்பினார்கள். கூறைச்சீலைகூட அப்படிப் போன வீடுகள் உண்டு. 2009 வைகாசியில் முள்ளிவாய்க்காலைக் கடந்து மெனிக் பாம் முகாமுக்குப் போனவர்களில் பலரிடம் உடுத்த உடுப்பும் ஒரு பையும் மட்டுமே மிஞ்சின.

அப்படி எல்லாம் போனபின் திரும்பி வந்து சேர்த்தவைதாம் இன்றைய சாமான்கள். 2012 ஒக்டோபரில் பெரிய அளவில் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்குக் கிடைத்தது 550,000 ரூபா. பரப்பு ஏறக்குறைய 550 சதுர அடி. அதற்குள் நெல்மூட்டை, கட்டுக்காசுக்கு எடுத்த அலுமாரி, வெளிநாட்டிலிருந்து வந்த பொதி, பிளாஸ்ரிக் கதிரை அடுக்கு எல்லாம் ஏறிக்கொண்டன. நடக்க இடமில்லை என்பது உண்மை. ஆனால் வெறுமையாகிவிடுவோம் என்ற பயத்தால் நிரம்பிய வீடு அது. அந்தப் பயத்தை மதித்தபடிதான் அந்த வீட்டை ஒதுக்க முடியும்.

ஜப்பானியரான மரி கொண்டோ வீடு ஒதுக்குவது பற்றி எழுதிய நூல் 2014இல் ஆங்கிலத்தில் வந்து உலகமெங்கும் விற்றது. பொருளைக் கையில் எடு, மனம் மகிழ்கிறதா என்று பார், இல்லையென்றால் நன்றி சொல்லி அனுப்பு என்பது அவர் வழி. உடுப்பில் தொடங்கிப் புத்தகம், கடதாசி, சில்லறைச் சாமான் என்று போய், நினைவுப் பொருளைக் கடைசியில் தொடச் சொல்கிறார். நினைவுப் பொருள் கடைசியில் என்பதில் எனக்கும் உடன்பாடு. தொடக்கம் மட்டும் இங்கே வேறு. வன்னி வீட்டில் முதலில் எடுக்க வேண்டியது கடதாசிப் பை.

அந்தப் பையில் காணி அனுமதிப்பத்திரம், பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், வங்கிப் புத்தகம், அடகுச் சிட்டை, மாட்டு அட்டை எல்லாம் கலந்து கிடக்கும். காணாமற்போனவர் பற்றிச் செஞ்சிலுவைச் சங்கத்திலும் மனித உரிமைகள் ஆணைக்குழுவிலும் பதிந்த துண்டுகளும் அதற்குள்தான் இருக்கும். ஒவ்வொன்றையும் வீட்டுக்காரருக்கு வாசித்துக் காட்டாமல் ஒரு துண்டும் வெளியே போகக் கூடாது. எழுத்து மங்கினதென்றாலும் எறியக் கூடாது. கைபேசியில் படம் பிடித்துப் பிள்ளைகளுக்கு அனுப்பிவிட்டு, மூலப் பத்திரத்தை உறையிலிட்டுத் தண்ணீர் படாத பெட்டியில் வைக்க வேண்டும். இதை முதலில் செய்தால், வந்தவள் எறிய வரவில்லை, பத்திரப்படுத்த வந்திருக்கிறாள் என்பது வீட்டுக்காரருக்கு விளங்கும். பிறகுதான் மற்ற அறைகள் திறக்கும்.

அடுத்தது வளவு. இதற்குப் புரட்டாதி நல்ல மாதம். ஐப்பசி மழை தொடங்குமுன் கோடிப்புறம் வெளிக்க வேண்டும். சிரட்டை, ரயர், தயிர்ச்சட்டி, உடைந்த வாளி எல்லாம் மழைத் தண்ணீரைப் பிடித்து நுளம்பு வளர்க்கும். டெங்கு நுளம்பின் முட்டை, தண்ணீர் வற்றின பிறகும் ஏனத்தின் சுவரில் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டியிருக்கும். ஆகவே தண்ணீரை ஊற்றினால் மட்டும் போதாது. உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். 2017இல் இலங்கையில் 186,000 பேருக்கு மேல் டெங்கு கண்டது. நுளம்பு பெருக இடம்விடுவது 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். இந்த இடத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். வைத்திருக்க விருப்பமென்றால் கவிழ்த்து, கூரைக்குக் கீழே வையுங்கள் என்பேன்.

கிருமிநாசினிப் போத்தல்களும் அப்படித்தான். வயலுக்கு மருந்தடித்து முடிந்ததும் அவற்றைக் கழுவி மண்ணெண்ணெய் ஊற்றி வைக்கிற பழக்கம் நிறையப் பேரிடம் இருக்கிறது. எத்தனை தரம் கழுவினாலும் அது வீட்டுப் பாவனைக்கு ஆகாது. மூன்று தரம் அலசி, அலசிய தண்ணீரை மருந்துத் தாங்கிக்குள்ளேயே ஊற்றி, போத்தலில் ஓட்டை போட்டுவிட வேண்டும். ஓட்டை விழுந்த போத்தலை யாரும் திரும்ப எடுக்கமாட்டார்கள்.

குப்பையைக் குவித்து எரிக்கிறவர்களுக்கு ஒரு சொல். போர் நடந்த மண் இது. நிலத்துக்குள் கிடக்கிற வெடிபொருள் சூட்டில் வெடிக்கும். கண்ணிவெடி அகற்றி ஒப்படைத்த காணியா என்று தெரியாத இடத்தில் நெருப்பு மூட்டவோ கிடங்கு வெட்டவோ கூடாது. பழைய இரும்புக்குள் இனந்தெரியாத உலோகத் துண்டு ஏதும் தெரிந்தால் கையை எடுத்துவிட்டு, விதானையாருக்கோ பொலிசுக்கோ அறிவிக்க வேண்டும். நிறுத்து விற்றால் காசு வரும் என்று அதைத் தட்டிப் பார்ப்பது உயிரோடு விளையாடுவது.

குசினிக்குள் வந்தால் மூன்று உரப்பை வைப்பேன். ஒன்று வீட்டில் நிற்பதற்கு, ஒன்று பிறருக்குக் கொடுப்பதற்கு, ஒன்று பழைய சாமான் வியாபாரிக்கு. எந்தப் பொருள் எந்தப் பைக்குப் போகிறதென்பதை நான் சொல்வதில்லை. பொருளை எடுத்து நீட்டுவேன். போடுகிற கை வீட்டுக்காரருடையதாக இருக்க வேண்டும். நேரம் எடுக்கும். ஒரு சருவச்சட்டியின் கதை ஒரு தேத்தண்ணி குடித்து முடிகிற வரைக்கும் போகும். அந்தக் கதையைக் கேட்பதுதான் இந்த வேலையின் பெரும்பகுதி. சொல்லி முடித்தபிறகு, "சரி, இதைக் குடு" என்று அவர்களே பையை இழுப்பார்கள். கொடுக்கிற பை நிறைய வேண்டுமானால் யாருக்கு என்று பேர் சொல்ல வேண்டும். "யாருக்காவது" என்றால் கை பின்வாங்கும். "புதுசாக் குடும்பமான பிள்ளைக்கு" என்றால் நல்ல சட்டி தானாகவே வெளியே வரும்.

வியாபாரியிடம் ஒரு கவனம் தேவை. பழைய இரும்பை வாங்கிக்கொண்டு காசுக்குப் பதில் பிளாஸ்ரிக் வாளியோ கதிரையோ தருகிறவர்கள் இருக்கிறார்கள். காசாகத் தரச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஒரு மூலையிலிருந்து போனது இன்னொரு மூலைக்குத் திரும்பி வந்துவிடும்.

அடுத்தது உடுப்பு. பருத்திச் சீலையைக் கழிக்கிறதென்ற பேச்சே இல்லை. ஏணைக்கும் துணிவிரிப்புக்கும் அதைவிட நல்லது கிடையாது. வெளிநாட்டுப் பொதிகளில் வந்த தடித்த குளிர்ச்சட்டைகள்தாம் அலுமாரியை அடைத்துக்கொண்டு நிற்கும். அனுப்பிய பிள்ளையின் மனம் நோகுமென்று யாரும் அவற்றைத் தொடுவதில்லை. இதற்கு ஒரே வழி, அந்தப் பிள்ளையையே தொலைபேசியில் கூப்பிட்டு, "குடுங்கோ அம்மா" என்று சொல்ல வைப்பது.

கடைசியில் றங்குப்பெட்டி. இதில் முறையும் இல்லை, உரப்பையும் இல்லை. 2017 மாசி 20 முதல் கிளிநொச்சி கந்தசாமி கோயில் முன்றலில் வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர் தொடர் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். அப்படிப்பட்டவர்களின் வீட்டு றங்குப்பெட்டியில் ஒரு சேட்டு, ஒரு பள்ளிக்கூடக் கொப்பி, ஒரு சோடிச் செருப்பு பத்திரமாக வைக்கப்பட்டிருக்கும். பதில் வராத கேள்விக்குச் சாட்சியாக நிற்கிற பொருள்கள் அவை. கழிவுச் சாமான் கணக்கில் அவற்றைச் சேர்க்க யாருக்கும் உரிமையில்லை. நான் செய்வது, பெட்டியின் அடியில் வேப்பிலைச் சருகு பரப்பி, கறையான் ஏறாமல் கல்லின் மேல் தூக்கி வைப்பது. அவ்வளவுதான்.

இத்தனை காலம் இந்த வேலையைச் செய்ததில் நான் கண்டது இதுதான். இடம்பெயர்வு எங்கள் சனத்திடமிருந்து பொருளை மட்டும் பறிக்கவில்லை. எதை வைப்பது, எதை யாருக்குக் கொடுப்பது என்று ஆறுதலாக இருந்து முடிவெடுக்கிற உரிமையையும் பறித்தது. வீடு ஒதுக்குவதென்றால் அந்த உரிமையை உரியவரிடம் திருப்பிக் கொடுப்பது. தன் கையால் எடுத்துக் கொடுத்த பொருளுக்காகப் பிறகு ஏங்கினவரை நான் காணவில்லை. கேளாமல் எடுத்த ஒரு பேணியை வருடக்கணக்காகச் சொல்லிச் சொல்லிக் கவலைப்படுகிறவர்களைக் கண்டிருக்கிறேன்.

ஆகவே லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் ஆடி, ஆவணி விடுமுறைக்கு வந்து நிற்கிற பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். இரண்டு கிழமைக்குள் அம்மாவின் வீட்டை வெளிக்கப்பண்ணிவிட்டுப் போக அவசரப்படாதீர்கள். அவ கோயிலுக்குப் போன நேரம் பார்த்து எதையும் தூக்கி எறியாதீர்கள். ஒரு கதிரையை இழுத்துப்போட்டு இருந்து, ஒவ்வொரு பொருளாக எடுத்து, "இது என்னம்மா, யாருக்குக் குடுப்பம்?" என்று கேளுங்கள். வந்த விடுமுறையில் ஒரு அலுமாரிதான் முடிந்ததென்றாலும் அது போதும்.