மலைக்குக் கீழே ஒரு மன்னன்

திருத்தணிகை என்றவுடன் எவர் மனக்கண்ணிலும் எழுவன 365 படிகளும், ஆடிக் கிருத்திகையன்று அவற்றின்மீது ஆடியசைந்து ஏறும் பூக்காவடிகளுமே. முத்துசுவாமி தீட்சிதரின் நாவில் கற்கண்டு விழுந்து 'ஸ்ரீநாதாதி' கீர்த்தனம் பிறந்தது இங்கேதான் என்பதைச் சங்கீத ரசிகர்கள் சேர்த்துக்கொள்வர். சித்தூர் ஜில்லாவில் இருந்த இவ்வூர், ம. பொ. சி. முதலியோர் நடத்திய வடக்கெல்லைக் கிளர்ச்சியின் பயனாக 1960 ஏப்ரல் முதல் தேதி சென்னை ராஜ்யத்தைச் சேர்ந்தது என்பதோடு நிர்வாக சரித்திரத்தை முடித்துக்கொள்கிறேன். இங்கேயே பிறந்து வளர்ந்த என் அபிமானமெல்லாம், மலைக்குக் கீழே நந்தியாற்றை அடுத்திருக்கும் வீரட்டானேசுவரர் கோயிலின்மீதுதான்.

அளவில் அது மிகச் சிறியது. பின்புறம் யானையின் முதுகைப்போல் வளைந்திருப்பதால் சிற்ப சாஸ்திரிகள் கஜபிருஷ்டம் என்பார்கள். தூங்கானை மாடம் என்ற தமிழ்ப் பெயர் எனக்கு இன்னும் உவப்பானது. பின்சுவரில் உள்ளங்கையை வைத்தவாறே நடந்தால், மூலை என்று ஒன்று தட்டுப்படாமலே மறுபக்கம் வந்துவிடலாம்; சிறுவயதில் எங்களுக்கு அதுவே ஒரு விளையாட்டு. கருங்கல்லால் இத்தளியை எடுப்பித்தவன் நம்பி அப்பி என்பான். காலம், ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பல்லவன் அபராஜிதவர்மனின் ஆட்சி.

குடிகள் அரசனைப் பாடுவதே உலக வழக்காயிருக்க, இங்கே அரசன் தன் குடிமகனைப் பாடியிருக்கிறான். கலைகள் பயின்ற அந்த நம்பி அப்பி ஈசனுக்குக் கற்றளி சமைத்ததைப் புகழும் வெண்பா ஒன்றை அபராஜிதனே இயற்றினான் என்று கல்வெட்டே சொல்கிறது. கதேயை ஆதரித்த ஒரு சிற்றரசனைக் கொண்டு ஜெர்மனியின் வைமார் நகரம் உலகப் புகழ் பெற்றதென்றால், தானே யாப்புக்கு உட்பட்டு எழுதிய அரசனை உடைய ஊர் எவ்வளவு பெருமை கொள்ள வேண்டும்!

அவனுடைய வாழ்க்கையோ சோகமானது. சுமார் 880இல் கும்பகோணத்துக்கு அருகேயுள்ள திருப்புறம்பியத்தில், கங்க மன்னன் பிருதிவீபதி உயிர் கொடுக்க, பாண்டியன் வரகுணனை வென்றான். அப்போரில் துணைநின்ற ஆதித்த சோழனே பிற்பாடு, யானைமேல் இருந்த பல்லவன்மீது பாய்ந்து அவனைக் கொன்றதாகக் கன்னியாகுமரிச் சாசனம் கூறும். பக்கத்துத் திருவாலங்காட்டில் 1905இல் அகப்பட்ட ராஜேந்திர சோழனின் செப்பேடுகளோ, அபராஜிதன், அதாவது வெல்லப்படாதவன், என்ற பெயர் படைத்தவனையும் வென்றானே என்று ஆதித்தனைக் கொண்டாடுகின்றன. தோற்றவனின் வெண்பா இங்கே. தோற்றவனைப் பற்றிய பரிகாசம் அடுத்த ஊரில்!

இன்றைக்கு வெளியூரார் பேருந்திலிருந்து இறங்குகிறார்கள், ஆட்டோவில் மலைக்குப் போகிறார்கள், விபூதியும் சந்தனமும் பெற்றுக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள். பல்லவன் கோயிலுக்கு வழிகாட்ட ஒருவருமில்லை. சென்ற மாதம் சென்னையிலிருந்து வந்த நண்பர் ஒருவரை அழைத்துக்கொண்டு நான் புறப்பட்டபோது, ஆட்டோக்காரத் தம்பி, "அது எந்தக் கோயில் சார், புதுசா கட்டினதா?" என்று கேட்டான். அவனைக் குறை சொல்லி என்ன பயன்? நந்தியாற்றில் நீரைக் காட்டிலும் குப்பையே மிகுதியாகக் கிடப்பதைக் கண்டு நண்பர் மூக்கைப் பொத்திக்கொள்ள, எனக்குத்தான் வெட்கமாயிருந்தது. வெண்பாவின் பொருளை எழுதி வாசலில் ஒரு பலகை நாட்டுமாறு மூன்று மனுக்கள் கொடுத்துவிட்டேன்; ஒன்றுக்கும் பதிலில்லை. நான்காவதை வெண்பாவாகவே எழுதிப் பார்க்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.