பாலாற்றங்கரையில் பாதி விலை நிலம்

சென்னையிலிருந்து பெங்களூரு போகிறவர்களுக்கு ஆம்பூர் என்றால் பிரியாணிதான் ஞாபகம் வரும். சீரகச் சம்பா அரிசி, தொட்டுக்கொள்ளக் கத்தரிக்காய்த் தொக்கு, தயிர்ப் பச்சடி. சாப்பிட்டுவிட்டு, சாலையோரக் கடையில் ஒரு ஜோடி ஷூ வாங்கிக்கொண்டு வண்டியைக் கிளப்பிவிடுவார்கள். வேலூருக்கு மேற்கே சுமார் ஐம்பது கிலோமீட்டரில் உள்ள இந்த ஊரில், அரை மணி நேரத்துக்கு மேல் யாரும் நிற்பதில்லை.

போளூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் மார்கழி மாதம் இங்கே வந்து நான்கு நாள் தங்கினார். அவருடைய மகளும் மருமகனும் ஆம்பூரில் ஷூ கம்பெனித் தொழிலாளர்கள். மகள் மேல்தோல் தைக்கும் பிரிவில் இருக்கிறார். வாடகை வீட்டில் இருந்தபடி ஆறு வருடமாகச் சேர்த்த பணத்தில், பாலாற்றை ஒட்டி இரண்டு ஏக்கர் தென்னந்தோப்பு வாங்க இருவரும் ஆசைப்பட்டார்கள். போதாத பணத்துக்கு, போளூர் வீட்டில் உள்ள இரண்டு கறவை மாடுகளை விற்றுத் தரும்படி அப்பாவைக் கேட்டிருந்தார் மகள்.

“மாமா, நம்ம ஊர்ல இந்த விலைக்கு மானாவாரி நிலம்கூடக் கிடைக்காது. இங்க கிணறு, மோட்டார், சர்வீஸ் எல்லாம் இருக்கு” என்றார் மருமகன்.

“அதாம் மாப்ள யோசனையா இருக்கு. இவ்வளவும் இருந்தும் ஏன் பாதி விலைக்குக் கொடுக்குறாங்க?”

நிலத்தைப் போய்ப் பார்த்தார்கள். கிணற்றில் தண்ணீர் நிறைய, தெளிவாக இருந்தது. ஆனால் தென்னைகளின் கொண்டை சிறுத்திருந்தது. வரப்பின் மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. பக்கத்து நிலத்தில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியம்மா, “இப்ப மழைத்தண்ணி, தெரியாது. சித்திரையில வந்து ஒரு வாய் குடிச்சுப் பாருங்க. நாங்க சோறாக்கவே கேன் தண்ணிதான்” என்றார்.

அந்த உப்பு வந்த வழியை இந்தப் பகுதியில் எல்லோரும் அறிவார்கள். ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் அழுகாமல் இருக்க உப்புப் போட்டுத்தான் ஆலைக்கு வரும். ஊறவைத்துக் கழுவும் முதல் தண்ணீரிலேயே அந்த உப்பு கரைந்து வெளியேறும். ஒரு கிலோ தோலைப் பதப்படுத்த 30 முதல் 40 லிட்டர் தண்ணீர் செலவாகும். முன்பு ஆவாரம் பட்டையும் கடுக்காயும் வைத்துப் பதனிட்டார்கள். 1970களுக்குப் பிறகு குரோமியம் பரவலாக வந்தது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றுப் படுகை நெடுக, பல காலம் கழிவுநீர் ஆற்றிலும் ஏரியிலும் நிலத்திலும் விடப்பட்டது.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்பு அறிவித்தது. அதையொட்டி அமைந்த ஆணையம், பாதிக்கப்பட்டவர்கள் 29,000க்கும் அதிகமானோர், பாழான விளைநிலம் 15,000 ஹெக்டேருக்கும் மேல் என்று கணக்கிட்டது. 2025 ஜனவரி 30 அன்றும், பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு வழங்கி அதை ஆலைகளிடம் வசூலிக்கும்படி உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. இன்று சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. ஆனாலும் மண்ணுக்குள் இறங்கிவிட்ட உப்பு சுலபத்தில் வெளியேறாது.

போளூர்க்காரர் ஒரு லிட்டர் தண்ணீர் பிடித்துப் பரிசோதனைக்குக் கொடுத்தார். உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் 2.1 டெசிசைமன் என்று வந்தது. 0.7க்குள் இருந்தால் எந்தப் பயிருக்கும் கவலையில்லை. 3 வரை பயிரைப் பார்த்து, கவனமாகப் பாய்ச்சலாம். 3ஐத் தாண்டினால் பெரும்பாலான பயிர்களுக்கு ஆபத்து. “ரெண்டுதானே, பரவாயில்லையே” என்றார் தரகர். வேறொரு பார்ட்டி தயாராக இருப்பதாகவும், தை பிறப்பதற்குள் அட்வான்ஸ் போட வேண்டும் என்றும் அவசரப்படுத்தினார்.

அன்று இரவு வீட்டில் பேச்சு முற்றியது. “ஊரே தோலைத் திட்டுதுப்பா. ஆனா அந்தத் தோல்தான் எங்களுக்குச் சோறு போடுது” என்று மகள் கண் கலங்கினார்.

“நான் தோலைக் குத்தம் சொல்லலம்மா. என் மாட்டுத்தோலும் கடைசியில இங்கதான் வருது. உன் ஆறு வருஷ உழைப்பைக் கிணத்துல போட வேணாம்னுதான் சொல்றேன். சித்திரை வரைக்கும் பொறு.”

அட்வான்ஸ் கொடுக்கவில்லை. தரகர் போன் எடுப்பதை நிறுத்திவிட்டார். சித்திரையில் நிலத்துக்காரரிடமே நேரில் கேட்டு, அதே கிணற்றில் மறுபடி தண்ணீர் பிடித்தார்கள். 4.4 என்று வந்தது. அந்தத் தண்ணீரில் நிலக்கடலை பாதிகூடத் தேறாது. வெங்காயம், உளுந்து இரண்டையும் நினைத்தே பார்க்க வேண்டாம். தென்னை தாங்கி நிற்கும், ஆனால் காய்ப்பு குறையும்.

மாடுகள் கொட்டகையிலேயே இருக்கின்றன. மகளும் மருமகனும் ஆற்றை விட்டுத் தள்ளி, மலையடிவாரப் பக்கம் நிலம் தேடுகிறார்கள். அங்கே விலை கூடுதல். ஒரு ஏக்கர்தான் கட்டுப்படியாகும். மகளுக்கு அந்த வருத்தம் இன்னும் தீரவில்லை.

ஆலைப் பகுதிகளில் நிலம் பார்க்கிறவர்கள் மழைக்காலத் தண்ணீரை மட்டும் நம்பக் கூடாது. கோடையில் ஒரு முறையும் பரிசோதிக்க வேண்டும். மோட்டாரைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி, ஒரு லிட்டர் பிடிக்க வேண்டும். பெயர், சர்வே எண், கிணற்றின் ஆழம், தேதி ஆகியவற்றை எழுதி ஒட்டி, அன்றே பரிசோதனை நிலையத்தில் கொடுத்துவிடலாம். வேலூர்ப் பக்கத்தினர் விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் யோசனை கேட்கலாம். கிரயத்துக்குச் செலவழிப்பதோடு ஒப்பிட்டால், பரிசோதனைக்கு ஆகும் தொகை ஒன்றுமே இல்லை.