திரையில் நாம் எங்கே?

சினிமா என்றதும் முகஞ்சுளிப்பது நம்மவருள் கற்றோர் சிலருக்கு வழக்கமாகிவிட்டது. நமக்கு அவ்வழக்கம் இல்லை. ஆங்கில வழியிற் பயின்று, தோட்டத்தில் கிராணி வேலைக்கமர்ந்து, நாள் முழுதும் பிறமொழிகளிற் கணக்கெழுதும் நாம் இன்று நாலு வாக்கியமேனும் தமிழில் எழுதுகிறோமென்றால், அதற்குப் படங்களுக்கே பெரிதும் கடன்பட்டிருக்கிறோம். 1952-இல் வெளிவந்த ‘பராசக்தி’யில், மு. கருணாநிதியின் வசனத்தைத் தமது முதற் படத்திலேயே சிவாஜி கணேசன் நீதிமன்றத்தில் நின்று முழங்குவதைப் பன்முறை கேட்டன்றோ, தமிழ் வாக்கியம் எவ்விடத்தில் ஏறி எவ்விடத்தில் இறங்கும் என்பதை அறிந்தோம்! ஆகவே, இதனைச் சினிமாவைப் பகைப்போர் எழுதியதாகக் கொள்ள வேண்டாம். சினிமாப் பித்துடையார் எழுதியதாகவே கொள்க.

பித்துடையார்க்கும் ஒரு கேள்வி உண்டு. தமிழகத்துப் படக்காரர்கள் நம் பக்கம் வந்து போனது ஒரு முறையா, இரு முறையா? 1973-இல் எம்.ஜி.ஆர். ‘உலகம் சுற்றும் வாலிப’னாகக் கிழக்கு நாடுகளைச் சுற்றினார். 1978-இல் ‘பிரியா’வும், 1979-இல் ‘நினைத்தாலே இனிக்கும்’ படமும் சிங்கப்பூரைக் காட்டின. 2007-இல் அஜித் ‘பில்லா’வாக வந்து பத்துமலையடிவாரத்தில் ஆடிச் சென்றார். இவற்றையெல்லாம் நாம் ஆவலுடன் பார்த்தோம். பாடல்களை இன்றும் முணுமுணுக்கிறோம். ஆயினும், கட்டிடங்களையும் கடலையும் சாலையையும் கண்ட அந்தக் காமிரா, செம்பனைக் குலை அறுப்பவரையும் பால் வெட்டியவரையும் கண்டதுண்டா? நம் நாடு திரையில் இருந்தது, நாம் இல்லை.

2016 ஜூலையில் ‘கபாலி’ வந்தது. அப்போதைய ஆரவாரத்தை மறக்கவியலாது. ஏர் ஏசியா நிறுவனத்தார் ஒரு விமானத்தின்மீதே ரஜினிகாந்தின் உருவைத் தீட்டிப் பறக்கவிட்டனர்! பா. ரஞ்சித் இயக்கிய அப்படத்தில் நாயகன் தோட்டத்துப் பிள்ளை. தொழிலாளர்க்குச் சமக்கூலி கேட்டுக் கிளம்பியவன். சிறையில் அவன் கையிலிருப்பது ஒய்.பி. சத்தியநாராயணா எழுதிய ‘மை ஃபாதர் பாலையா’. தாழ்த்தப்பட்ட குடும்பமொன்று கல்வியால் தலைநிமிர்ந்த வரலாறு. அவன் கோட்டு அணிவதும் அழகுக்காக அன்று. அணியக்கூடாது என்றிருந்தோர் முன் அணிவதற்காக. ரஜினியின் நடிப்பில் நாம் சிறந்ததெனக் கருதுவது சண்டைக் காட்சி எதுவும் அன்று. நெடுநாள் பிரிந்த மனைவியைக் காணும் இடமே. அங்கு அவர் நட்சத்திரமாக இல்லை. வயது முதிர்ந்த ஒரு கணவராக நிற்கிறார்.

இத்தனை இருந்தும் நமக்கொரு குறை. அக்கதையில் உரிமைக்குரல் கொடுத்தவன் குண்டர் குழுத் தலைவனாகிறான். அவன் நடத்தும் பள்ளியை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறார்கள்? கைத்துப்பாக்கியையும் கறுப்புக் கண்ணாடியையும் அல்லவோ இளைஞர்கள் வீட்டுக்கு எடுத்துச் சென்றார்கள்! முடிவில், அப்பள்ளியில் பயின்ற ஒருவனே அவனை நெருங்க, திரை இருண்டு வெடியோசை மட்டும் கேட்கும். நம் நாட்டுக் கொட்டகைகளிலோ கபாலி காவல்துறையிடம் சரணடைந்தான் என்றொரு வரி சேர்க்கப்பட்டது. ஒரு வரியால் மனம் திருந்துமா?

மெய்யான வரலாறு வேறு. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் முன்னோர் வேலைநிறுத்தம் செய்தார்கள். சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும், பிள்ளைகளுக்கு நல்ல கல்வி வேண்டும், துரைமார் முன்னும் தோட்ட அலுவலர் முன்னும் மிதிவண்டியிலிருந்து இறங்காமற் செல்லும் உரிமை வேண்டும் என்று கேட்டார்கள். பட்டாளத்தை ஏவி அதனை அடக்கினார்கள், உயிர்களும் போயின. அலுவலர் என்போர் யாவர்? நம் போன்ற கிராணிமாரே! வண்டியை விட்டிறங்கி நின்றவர் பக்கம் மட்டுமன்றி, இறங்கச் சொன்னவர் பக்கமும் தமிழர் இருந்தனர். இந்தக் கசப்பையும் சேர்த்து, தனியொரு வீரனின்றி, பல்லாயிரவரை நாயகராக வைத்து ஒரு படம் வர வேண்டும் என்பது நம் நெடுநாள் ஆசை.

அத்தகைய மெய்ம்மைக்கு வழி காட்டிய படம் இம்மண்ணிலேயே பிறந்திருக்கிறது. அது ‘கபாலி’க்குச் சில மாதம் முன், 2015 டிசம்பரில் வெளியான ‘ஜகாட்’. தீயவன் எனப் பொருள்படும் மலாய்ச் சொல் நம்மவர் நாவில் அப்படியாயிற்று. சஞ்சை குமார் பெருமாள் இயக்கியது. தோட்டத்தை விட்டுப் பெயர்ந்த குடும்பம். அப்போய் என்னும் சிறுவன். படி படி என்று அடிக்கும் தந்தை. குண்டர் குழுவில் ஒரு சிற்றப்பன், போதையில் சீரழிந்த இன்னொரு சிற்றப்பன். இங்கே வன்முறைக்கு மெருகில்லை, பின்னிசை முழக்கமில்லை. அதன் அற்பத்தனமே தெரிகிறது. 2016-இல், 28ஆவது மலேசியத் திரைப்பட விழாவில், எல்லா மொழிப் படங்களுக்கும் பொதுவான சிறந்த மலேசியப் படப் பரிசு இதற்கே கிடைத்தது.

நம் தோட்டத்து இளைஞன் ஒருவன், மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டவன், பட்டணத்து ‘அண்ணன்மார்’ சிலருடன் திரிந்துகொண்டிருந்தான். ‘கபாலி’யை ஐந்து முறை பார்த்தவன். அவனை அழைத்து ‘ஜகாட்’ படத்தைப் போட்டுக் காட்டினோம். முடிந்ததும் சீட்டியடிக்கவில்லை, கைதட்டவுமில்லை. “இது எங்க வீட்டுக் கதை ஐயா” என்றான். சற்றுப் பொறுத்து, “அம்மாவுக்கும் ஒருவாட்டி போட்டுக் காட்டுவீங்களா?” என்று கேட்டான். அவன் அன்றே மாறிவிட்டான் என்று நாம் சொல்லவில்லை. ஐந்து முறை பார்த்த படம் எழுப்பாத கேள்வியை, ஒரு முறை பார்த்த படம் எழுப்பிற்று, அவ்வளவே.

தோழர்களே! ரஜினியை விட்டுவிடுங்கள் என்று நாம் கூறவில்லை. நாமும் விடப் போவதில்லை. பிடித்த நடிகரை நேசிப்பது குற்றமன்று. ஆனால், அவர் கட்அவுட்டுக்குப் பால் ஊற்றச் செலவிடும் வெள்ளியில் ஒரு பங்கையேனும், நம் பிள்ளைகள் இங்கே எடுக்கும் படத்துக்குச் சீட்டு வாங்கச் செலவிடலாகாதா? கொட்டகை காலியாகக் கிடந்தால் அடுத்த படத்துக்கு எவன் முதல் போடுவான்? பிறர் வந்து நம் கதையைச் சொல்லட்டும் என்று காத்திருந்தால், அவர்கள் நம் கட்டிடங்களைத்தான் காட்டுவார்கள்.